தொல்லை எத்தனை டன்?

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் டன் என்றால் உப்புக் கணக்கு. ஆயிரம் கிலோ சேர்ந்தால் ஒரு டன். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கோ அது தொல்லைக் கணக்கு! கஷ்டம் தலைக்கு மேல் போனால், "டன்ஸ் ஆஃப் பிராப்ளம்ஸ்" என்கிறார்கள். அதாவது, டன் கணக்கில் பிரச்னை. டன் என்பது ஆதியில் பெரிய பீப்பாயின் பெயர்!

"ஸ்லூ" என்றும் ஒரு சொல் உண்டு. அது அயர்லாந்து மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூட்டம், படை என்று பொருள். துன்பம் படையெடுத்து வருகிறது என்று நாமும்தானே சொல்கிறோம்? "கொள்ளை" மட்டும் விசித்திரமான சொல். கொள்ளை அழகு உண்டு. கொள்ளைக் கவலை என்று யாரும் சொல்வதில்லை.

உப்பளத்தில் கணக்கே தலைகீழ். மழையில் உப்பு கரைந்து டன் குறையக் குறையத் தொல்லை கூடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின.