முப்பது கிலோமீற்றருக்கு ஒரு திட்டம்

காமன் நகரிலிருந்து ஹம் நகரின் ஊன்ட்ரொப் பகுதிக்கு, ஜேர்மனியர் அவுட்டோபான் என அழைக்கும் அதிவேக நெடுஞ்சாலை வழியே, முப்பது கிலோமீற்றருக்கும் குறைவான தூரமே உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் தூரத்திலும் இது சற்றுக் குறைவு. நெரிசல் இல்லாத நாளில் அரைமணி நேரத்தில் போய்ச் சேரலாம். இத்துணைச் சிறிய பயணத்துக்கு ஒரு திட்டம் வேண்டுமா என வாசகர் வினவக்கூடும். வேண்டும் என்பதே நமது துணிபு. ஏன் என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஊன்ட்ரொப் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர்த்திருவிழாவுக்கு முதல்நாள் மாலை நாம் காமனில் ஒரு நண்பரின் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஊரில் ஆசிரியராகக் கடமையாற்றியவராதலால் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்பர். அவர் காரின் டயர்களுக்குக் காற்றுப் பார்த்தார். பெற்றோல் நிரப்பினார். முக்கோண எச்சரிக்கைச் சின்னம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேலங்கி ஆகியவை உள்ளனவா என எடுத்துப் பார்த்து மீண்டும் வைத்தார். பின்னர் மேசையில் அமர்ந்து, கடக்க வேண்டிய சந்திகளின் பெயர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதினார்.

இங்கேயே உயர்வகுப்புப் படித்து முடித்த அவருடைய மகள் சிரித்தார். “அப்பா, அரை மணித்தியால ஓட்டம். விசாவுக்குப் போற மாதிரியெல்லோ ஆயத்தப்படுத்துறியள்!”

மாஸ்டர் மறுமொழி கூறவில்லை. நாமும் சிரிக்கவில்லை. அவர் ஏன் இவ்வாறு ஆயத்தம் செய்கிறார் என்பது நமக்குத் தெரியும்.

2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நாட்டுக்கு வந்த நாமும் மாஸ்டரும் வேறொரு மாநிலத்தில் ஒரே அகதி விடுதியில் இருந்தோம். அவருடைய தமையனார் எண்பதுகளிலேயே வந்து, அயல் மாவட்டத்தில், பதினெட்டுக் கிலோமீற்றர் தொலைவில் குடியிருந்தார். புகலிடம் கோருவோரைப் பகிர்ந்தனுப்புகையில் கணவன், மனைவி, பராயமடையாத பிள்ளைகள் என்ற உறவுகளையே சட்டம் கணக்கில் எடுத்தது. வளர்ந்த சகோதரர்கள் அக்கணக்கில் சேரவில்லை. அதனால் இருவரும் இரு மாவட்டத்தவராயினர்.

2010ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, தமையனார் காலமானார். புதன்கிழமை அலுவலகம் பூட்டியிருந்தது. வியாழக்கிழமை மாஸ்டர் அநுமதி கோரியபோது இறப்புச் சான்றிதழின் பிரதியைக் கேட்டனர். வெள்ளிக்கிழமை காலை இறுதிக்கிரியை. திங்கட்கிழமை அநுமதிச் சீட்டு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னர் ஒருமுறை, தமையனாரைப் பார்க்க அநுமதியின்றி ரயிலில் சென்று மாஸ்டர் தண்டம் கட்டியிருந்தார். இரண்டாவது முறை பிடிபட்டால் அது தண்டத்தோடு நில்லாது குற்றவழக்காகும் என்பதை அவர் அறிவார். ஆகவே அவர் போகவில்லை. வதிவிட உரிமை பெற்ற நண்பர் ஒருவர் காரில் புறப்பட்டபோது, வாய்க்கரிசிக்கென ஒரு பிடி அரிசியைத் தாளில் மடித்து அவரிடம் கொடுத்தனுப்பினார். கார் சென்ற பின்னரும் விடுதி வாசலில் வெகுநேரம் நின்றிருந்தார்.

அந்தச் சட்டத்தை இன்றைய பிள்ளைகள் அறியார். ரெசிடென்ஸ்பிளிக்ட் என்பது அதன் வழக்குப் பெயர். 1982ஆம் ஆண்டின் புகலிட நடைமுறைச் சட்டம், விண்ணப்பதாரரை அவரவர்க்குப் பொறுப்பான வெளிநாட்டவர் அலுவலகத்தின் எல்லைக்குள் கட்டுப்படுத்தியது. எல்லை தாண்ட எழுத்து மூல அநுமதி வேண்டும். அகதிகள் அதனை ‘உர்லௌப்ஷைன்’ என்றனர். விடுமுறைச் சீட்டு என்பது அதன் நேர்ப்பொருள். சுற்றுலாப் பயணியின் சொல் சாவீட்டுக்குப் போவோனின் சீட்டுக்குப் பெயராயிற்று. முதன்முறை மீறினால் 2500 யூரோ வரை தண்டம் விதிக்கலாம். மீண்டும் மீறினால் ஓராண்டு வரை சிறை விதிக்கச் சட்டம் இடமளித்தது. 1997 ஏப்பிரலில் ஜேர்மனிய அரசியலமைப்பு நீதிமன்றம் இக்கட்டுப்பாடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2007இல் ஸ்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் இதனை எதிர்த்த முறைப்பாட்டை ஏற்கவில்லை.

காமன் நகரம் உன்னா மாவட்டத்தைச் சேர்ந்தது. ஹம் எந்த மாவட்டத்தையும் சேராத தனி நகராட்சி. அச்சட்டத்தின் எழுத்தின்படி பார்த்தால், ஆலயத்துக்குச் செல்லும் இச்சிறு பாதையின் நடுவே ஒரு நாட்டின் எல்லை போன்ற கோடு கிடந்தது.

இத்தகைய கோடுகள் நமக்குப் புதியனவல்ல. வவுனியாவில் பாஸ் எடுக்க வரிசையில் நின்றவர்கள் நம்முள் உளர். 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மூடுண்ட ஏ9 பாதையில் ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதிகளை அவிழ்த்துக் காட்டியவர்கள் உளர். தூரத்தைக் கிலோமீற்றரில் அளவாது, எத்தனை சோதனைச்சாவடிகள் என்று அளந்து பழகிய மக்கள் நாம். அந்த அளவுகோலையே இங்கும் கொண்டுவந்தோம்.

2010ஆம் ஆண்டிலிருந்து பல மாநிலங்கள் இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தின. 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பெரும்பாலோர்க்கு அதனை முதல் மூன்று மாதங்களோடு முடித்தது. ஆயினும் அவ்வாண்டு ஒக்டோபரிலேயே மற்றொரு திருத்தம் வந்தது. வரவேற்பு நிலையத்தில் தங்கக் கடமைப்பட்டவர்க்கு, அக்கடமை நீடிக்கும்வரை எல்லையும் நீடிக்கும் என்றாயிற்று. சட்டம் பலமுறை மாறியதால் ஒருவர்க்குப் பொருந்தியது மற்றவர்க்குப் பொருந்துவதில்லை. முந்தி வந்தவர் தம் அநுபவத்தைச் சட்டமென்று சொல்ல, பிந்தி வந்தவர் அதனை நம்பும் நிலை இதனாலேயே உண்டாகிறது.

அன்று மாலை அவ்வீட்டில் ஓர் இளைஞரும் இருந்தார். வந்து ஓராண்டு நிறைவுற்றவர். வரவேற்பு நிலையத்திலிருந்து மாற்றலாகி, நகராட்சி விடுதியொன்றில் வசிப்பவர். மறுநாள் தேருக்கு வருமாறு அழைத்தபோது தயங்கினார். “வெளி மாவட்டம் போனால் பிடிப்பினம் எண்டு விடுதியில் ஒரு அண்ணை சொன்னவர். நான் வந்த நாள் முதல் இந்த மாவட்டத்தை விட்டு வெளியில் போகேல்லை” என்றார்.

மாஸ்டர் எழுந்தார். “தம்பி, உம்முடைய தாளைக் கொண்டுவாரும்” என்றார்.

இளைஞர் தமது தங்குகை அநுமதித் தாளை விரித்தார். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். அதில் வோன்சிட்ஸ் அவுஃப்லாகெ, அதாவது குறித்த நகரிலேயே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. ‘ரொய்ம்லிஷ் பெஷ்ரெங்க்ட்’, அதாவது நடமாட்டம் ஓரிடத்துக்கு வரையறுக்கப்பட்டது என்ற வாசகம் இல்லை. இவ்விரண்டும் வேறானவை. முன்னையது எங்கே குடியிருப்பது என்பதைச் சொல்வது. பின்னையது எங்கே போகலாம் என்பதைச் சொல்வது. முன்னையது மட்டும் உள்ளவர் அயல்நகருக்குப் போய்த் திரும்புவதற்குத் தடையில்லை. இளைஞர் மாதக்கணக்கில் தம்மைத் தாமே அடைத்து வைத்திருந்தார்.

ஆகவே பயணத் திட்டத்தின் முதல் வேலை, காரில் ஏறுவோர் ஒவ்வொருவரும் தத்தம் தாளை வாசித்தல். விளங்காவிடின் அகதிகள் ஆலோசனை நிலையத்தில் காட்டிக் கேட்டல் வேண்டும். எல்லை விதிக்கப்பட்டவராயின், பயணத்துக்குப் பல நாள் முன்னரே எழுத்தில் அநுமதி கோர வேண்டும். விடுதியில் உலவும் பேச்சை நம்பிப் போவதும் பிழை. அதனை நம்பிப் போகாதிருப்பதும் பிழை.

இரண்டாவது வேலை சாரதியைப் பற்றியது. இலங்கையின் சாரதி அநுமதிப்பத்திரம், இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 6 மாதங்களுக்கே செல்லும். பின்னர் எழுத்துப் பரீட்சையிலும் ஓட்டப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். 2016இல் அரபு மொழி சேர்க்கப்பட்டபோது எழுத்துப் பரீட்சைக்குரிய பிறமொழிகள் 12 ஆயின. அவற்றுள் தமிழ் இல்லை. காலாவதியான பத்திரத்துடன் ஓட்டுவது குற்றம். புகலிட வழக்கு நடக்கும் வேளையில் அத்தகைய வழக்கொன்றைத் தேடிக்கொள்ளல் ஆகாது. ஊரில் லொறி ஓட்டியவர் என்ற பெருமையும் இங்கு உதவாது. அங்கே இடப்பக்கம் ஓட்டினோம்; இங்கே வலப்பக்கம். இலங்கையின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலையே 2011 நவம்பரிற்றான் கொட்டாவையிலிருந்து காலி நோக்கித் திறக்கப்பட்டது. அதற்கு முன் வந்தோர்க்கு இவ்வகைப் பாதை முற்றிலும் புதிது.

மூன்றாவது, பாதை. காமன் நகர மையத்திலிருந்து ஏ1 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, காமன் பெருஞ்சந்தியில் ஏ2இன் கிழக்குத் திசைக்குத் திரும்ப வேண்டும். அங்குள்ள பலகையில் ஹனோவர் என்றிருக்கும். 150 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள நகரின் பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அவுட்டோபான் பலகைகள் நாம் போகும் இடத்தைச் சொல்வதில்லை. பாதை போகும் திசையையே சொல்கின்றன. ஹம் என்ற பெயர் பல இடங்களில் வரும். சந்தியில் திரும்பாது ஏ1இல் நேரே போனால் ‘ஹம்/பெர்க்காமன்’ என்ற வழி வரும். அது நமக்குரியதன்று. ஏ2இல் போனென் கழிந்ததும் ‘ஹம்’ வரும். அதுவுமன்று. அதற்கடுத்த ‘ஹம் ஊன்ட்ரொப்’ என்பதே ஆலயத்துக்குரிய வழி.

தவறவிட்டால் பின்னோக்கி ஓட்டவோ திருப்பவோ கூடாது; அடுத்த வழியில் இறங்கியே திரும்ப வேண்டும். அடுத்தது பெக்கும். அது வாரென்டோர்ப் மாவட்டம். பழைய சட்டத்தின் காலத்தில், ஒரு பலகையைக் கவனியாது விட்டவர் மூன்றாவது ஓர் எல்லையையும் தாண்டியவராவார். மாஸ்டர் சந்திகளை எழுதிவைக்கும் பழக்கம் அந்நாள்களில் வந்தது.

நான்காவது, ஓட்டும் முறை. வேக எல்லை குறிக்கப்படாத இடங்களில் மணிக்கு 130 கிலோமீற்றர் என்பது 1978 முதல் அரசின் பரிந்துரை. அதற்குமேல் ஓட்டலாமென்பதால் ஓட்டியே ஆகவேண்டுமென்பதில்லை. வலது ஓடுபாதையில் நிதானமாகச் செல்க. இடப்பக்கமாக மட்டுமே முந்துக. அவுட்டோபானில் நிறுத்துவதற்கு அநுமதியில்லை. ஓரத்திலுள்ள அவசரப் பாதையும் இதற்கு விலக்கன்று. ஆதலால் எரிபொருள் தீர்ந்து நிற்பதும் சாரதியின் தவறாகவே கொள்ளப்படும். வாகனங்கள் ஊர்ந்து செல்லும் நெரிசலில், இடக்கோடிப் பாதையில் உள்ளோர் இடப்புறமாகவும் ஏனையோர் யாவரும் வலப்புறமாகவும் ஒதுங்கி, நடுவே அம்புலன்சுக்கு வழிவிட வேண்டும். தவறினால் தண்டம் 200 யூரோவிலிருந்து தொடங்கும் என 2017இல் விதிக்கப்பட்டது. 150 சென்ரிமீற்றர் உயரம் எட்டாத, 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தக்க இருக்கை வேண்டும். திருவிழாவுக்குப் போகும் அவசரத்தில் பிள்ளையை மடியில் வைத்துச் செல்வோரை நாம் கண்டிருக்கிறோம். அம்பாள் காப்பாள் என்பது உண்மையாயினும் இருக்கையை நாமே பூட்ட வேண்டும்.

மறுநாள் காலை புறப்பட்டோம். இளைஞர் பின்னிருக்கையில் மடித்த தாளைக் கையிலேயே வைத்திருந்தார். போனென் கழிந்து சிறிது நேரத்தில், “மாஸ்டர், மாவட்ட எல்லை எங்கை வரும்?” என்று கேட்டார்.

“அது கடந்து போச்சுத் தம்பி” என்றார் மாஸ்டர்.

இளைஞர் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார். லொறிகள் மட்டுமே வந்துகொண்டிருந்தன. பின்னர் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஊன்ட்ரொப் கைத்தொழிற் பேட்டையில் எழுந்து நிற்கும் கோபுரத்தைக் கண்டதும் மாஸ்டரின் மகள் கைகூப்பினார். 1989இல் ஹம் நகரில் ஒரு நிலவறையில் தொடங்கிய வழிபாடு அது. 1993 முதல் அம்பாள் வீதியுலா வந்தாள். 2002 யூலை 7ஆம் நாள் இப்போதைய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. அந்தத் தொடக்க ஆண்டுகளில் வேற்று மாவட்டங்களிலிருந்து வந்து வடம் பிடித்தோருள் எத்தனை பேர் சட்டைப்பையில் விடுமுறைச் சீட்டோடு வந்தனர், எத்தனை பேர் சீட்டின்றி நெஞ்சு படபடக்க வந்தனர் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. அவர்களுட் பலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பிள்ளைகள் அவர்களிடம் கேட்டறிதல் நன்று.

திரும்பும் வழியில், தன் பெரியப்பாவின் இறுதிக்கிரியைக்கு ஏன் தந்தை போகவில்லை என்று மகள் முதன்முறையாகக் கேட்டார். மாஸ்டர் வலது ஓடுபாதையில் நிதானமாக ஓட்டியபடி, செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நாளாகச் சொல்லி வந்தார். காமன் வந்து சேர்ந்த பின்னரும் சொல்லி முடியவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே அமர்ந்து கேட்டோம்.