பல்லைப் பார்த்து வாங்குங்கள் பிளேயரை!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். பிளேயர் தானம் அல்ல. காசு கொடுத்து வாங்குவது. தாராளமாகப் பல்லைப் பார்க்கலாம்!

வீட்டில் வாஷ்பேசின் அடியில் ஒழுகுகிறது. நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளுக்கு 86 ஆயிரத்து 400 சொட்டு! 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற சென்னைவாசிகளுக்கு அதன் அருமை தெரியும். பிளம்பரைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்பார். அந்த "நாளை" வர நாலு நாள் ஆகும். நல்ல பிளேயர் ஒன்று கையில் இருந்தால், தளர்ந்த நட்டை நாமே இறுக்கிவிடலாம்.

மட்டமான பிளேயர் என்றால்? வழுக்கும். நட்டின் மூலை மழுங்கும். கை சுவரில் மோதித் தோல் உரியும். அப்புறம் பிளம்பர் கூலி, புது நட்டு விலை, கைக்கு மருந்து - மூன்று செலவு!

எது எதற்கு?

வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளேயரில் இரண்டு ரகம் அதிகம் விற்கிறது. ஒன்று, "ஸ்லிப் ஜாயின்ட்". இதில் பெரும்பாலும் இரண்டே நிலை. சில்லறை வேலைக்குச் சரி. மற்றொன்று, நீளக் கைப்பிடியும் சாய்ந்த வாயும் உள்ள "வாட்டர் பம்ப் பிளேயர்". இதில் பல படிகள் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மெட்வில் என்ற ஊர்க் கம்பெனி ஒன்று, வழுக்காத பள்ளம் வைத்த இந்த ரகத்துக்கு 1934-ல் காப்புரிமை பெற்றது. "சானல்லாக்" என்ற அந்தப் பெயர் பிரபலமாகி, 1963-ல் கம்பெனிக்கே அதுதான் பெயராயிற்று!

வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் 10 அங்குல, அதாவது 250 மில்லி மீட்டர், வாட்டர் பம்ப் பிளேயர் போதும்.

கடையில் 5 சோதனை

"எல்லாம் ஒண்ணுதான் சார், எடுத்துட்டுப் போங்க" என்றால் அவசரப்படாதீர்கள்.

1. வாயை மூடி வெளிச்சத்தில் பிடியுங்கள். பற்கள் கோணலாகச் சேர்ந்தால் வேண்டாம்.

2. பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆணி இடத்தில் "கொடகொட" என்றால் கீழே வையுங்கள்.

3. ஒவ்வொரு படியிலும் மாட்டி அழுத்துங்கள். எந்தப் படியிலும் நழுவக்கூடாது.

4. முழுக்க மூடினாலும் கைப்பிடிகளுக்கு நடுவே விரல் புகும் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் வழுக்கும்போது விரல் நசுங்கும்.

5. வார்ப்பு இரும்பா, அடித்துச் செய்த உருக்கா என்று கேளுங்கள். வார்ப்பு, பலம் கொடுத்தால் பட்டென்று உடையும். "குரோம் வனேடியம்" உருக்கு நல்லது. மினுமினுப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மேல் முலாம்தான்!

பழையது வாங்க பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். கூடவே பல் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

உயிருக்கு ஆபத்து!

கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருக்கிறதே என்று கரண்ட் வேலையில் இறங்காதீர்கள். சாதாரண உறை கை வழுக்காமல் இருக்கத்தான், ஷாக்கைத் தடுக்காது. மின்வேலைக் கருவியில் இரட்டை முக்கோணமும் "1000 வி" என்ற குறியும் இருக்கும். அதை வைத்திருந்தாலும் வீட்டில் மெயினை அணைத்துவிட்டே தொடவேண்டும்.

கியாஸ் சிலிண்டரிலும் பிளேயர் வித்தை வேண்டாம். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, 1906-க்கு போன் செய்யுங்கள்.

நீடித்து உழைக்க...

சின்ன நட்டு, போல்ட்டுக்கு ஸ்பேனரே சரி. பளபளப்பான குழாயைப் பிடிக்கும்போது துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் திருப்பினால் பிடி இறுகும், மறுபக்கம் வழுக்கும். வழுக்கினால் பிளேயரைப் புரட்டிப் போடுங்கள். கைப்பிடியில் பைப்பைச் சொருகி நீட்டுவது, சுத்தியலாக ஆணி அடிப்பது - இரண்டும் கூடாது.

கடற்காற்று அடிக்கும் ஊர் இது. வேலை முடிந்ததும் ஈரம் துடைத்து, ஆணி இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். பல வருஷம் கூட வரும்.