பாரம் ஏற்றியதும் கியர் நழுவுவது ஏன்?

கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காலியாகப் போகும்போது ஒழுங்காக ஓடும் பிக்கப் வண்டி, பாரம் ஏற்றியதும் கியர் நழுவி நியூட்ரலுக்கு வருகிறதே, ஏன்?

கியர் போடும்போது முதலில் சின்க்ரோ வளையம் உரசி வேகத்தைச் சமன் செய்யும். பிறகு ஸ்லீவின் பற்கள் கியரின் பற்களைக் கவ்வும். பற்களின் பக்கங்கள் லேசான சாய்வோடு இருப்பதால், இழுவிசை கூடக்கூடப் பிடி இறுகும். உருக்கைச் சரியாகப் பதப்படுத்தாவிட்டால் பற்கள் சீக்கிரமே தேய்ந்து சாய்வு மழுங்கும். அதே விசை ஸ்லீவை வெளியே தள்ளும். காலி வண்டியில் விசை குறைவு என்பதால் குறை தெரியாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பாரத்தோடு ஓட்டி, ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். வடித்த கியர் ஆயிலில் இரும்புச் சில்லுகள் இருந்தால் ஆபத்து. ஒரே மாடலில் பலருக்கும் பாதுகாப்பைப் பாதிக்கும் இதே குறை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்பப் பெறும்படி நிறுவனத்துக்கு மத்திய அரசு உத்தரவிடலாம்.