பெரியாஸ்பத்திரி - 9: டொனோவனின் ஊசி

1664-ல் சென்னைக் கோட்டைக்குள் எட்வர்ட் விண்டர் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி 1772-ல் இன்றைய இடத்துக்கு வந்து நிலைத்ததையும், அதையொட்டி 1835 பிப்ரவரி 2-ல் மருத்துவப் பள்ளி பிறந்து 1850-ல் கல்லூரியானதையும் பார்த்தாயிற்று. மருத்துவப் பள்ளி தொடங்குவதில் கல்கத்தா நம்மை ஐந்து நாள் முந்திக்கொண்டது. யார் முதல் என்ற பஞ்சாயத்துக்கு இனி நான் வரமாட்டேன்.

1875-ல் இங்கே மருத்துவம் படிக்க வந்த நான்கு பெண்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சார்லஸ் டொனோவன் குறுக்கே வந்துவிட்டார்.

கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர், ஜி.எச். என்னும் இதே பெரியாஸ்பத்திரியின் வார்டில் மருத்துவர் என்று ஒரே ஆளுக்கு இரண்டு நாற்காலி. இந்தக் கதைக்கு அதுதான் முக்கியம்.

அந்தக் காலத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, ஆள் எலும்பும் தோலுமாகி, இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிப் புடைத்திருந்தால், நாள்பட்ட மலேரியா என்று எழுதிக் கொயினா கொடுப்பார்கள். கொயினாவுக்குக் கட்டுப்படாமல் பலர் செத்தார்கள். பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆன கறுப்பர் நகரத்தில் இந்தக் காய்ச்சல் நன்றாக வேரூன்றியிருந்தது.

1903-ல், இப்படி இறந்தவர்களின் மண்ணீரலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது டொனோவனுக்கு விநோதமான சிறு உருண்டைகள் தென்பட்டன. மலேரியாக் கிருமி போல அவை இல்லை. அந்த மே 30-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மன் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கல்கத்தா அருகே டம்டம்மில் காய்ச்சல் கண்டு, ஊர் திரும்பி நெட்லி ராணுவ ஆஸ்பத்திரியில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் அவர் கண்டதும் இதே உருண்டைகள்தான். அவை டிரிப்பனோசோம் கிருமியின் சிதைந்த உருவமாக இருக்கலாம் என்பது அவர் ஊகம்.

பிணத்தில் மட்டுமே தென்படுகிற ஒன்றை நோய்க்கிருமி என்று எப்படி அடித்துச் சொல்வது? ஜூன் 17-ல் டொனோவன் உயிரோடிருந்த ஒரு நோயாளியின் மண்ணீரலில் ஊசி செலுத்தி ரத்தம் எடுத்தார். வீங்கிய மண்ணீரலில் குத்துவது விளையாட்டல்ல. உள்ளே ரத்தம் கசிந்து நிற்காமல் போனால் ஆளே போய்விடுவார். நோயாளிக்கு வயது 12.

சிறுவனின் ரத்தத்திலும் அதே உருண்டைகள் இருந்தன.

டொனோவனின் குறிப்பு ஜூலை 11-ல் அதே இதழில் வந்தது. ஸ்லைடுகள் மலேரியா ஆய்வாளர்கள் இருவருக்கு, பாரிசில் இருந்த லாவெரானுக்கும் லிவர்பூலில் இருந்த ரொனால்டு ராஸுக்கும் போயின. நவம்பரில் ராஸ், லீஷ்மன், டொனோவன் இருவர் பெயரையும் சேர்த்து, கிருமிக்கு ‘லீஷ்மேனியா டொனோவானி’ என்று பெயர் சூட்டினார். நோய், காலா அசார் என்னும் கருங்காய்ச்சல். அதைப் பரப்புவது மணல் ஈ என்று சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபிக்க 1942 ஆயிற்று.

முதலில் அச்சேற்றியவர் லீஷ்மன்தான், மறுக்கவில்லை. ஆனால் நெட்லியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிப்பாயின் உடல். இங்கேயோ வார்டு, பிணவறை, வகுப்பறை எல்லாம் கூப்பிடு தூரத்தில். பிணவறையில் எழுந்த சந்தேகத்தை வார்டிலேயே தீர்த்துக்கொள்ள முடிந்தது. கல்லூரியை ஆஸ்பத்திரியோடு ஒட்டவைத்ததன் லாபத்தை இதைவிடப் பளிச்சென்று காட்ட எனக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டொனோவனுக்கு வண்ணத்துப்பூச்சிப் பைத்தியம். 1911-ல் ராயப்பேட்டை ஆஸ்பத்திரியின் முதல் கண்காணிப்பாளரானவர், ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் குடியேறி, 1936-ல் அயர்லாந்தின் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் விட்டில்களுக்கும் ஒரு பட்டியலே போட்டுப் புத்தகமாக்கினார். 1951-ல் காலமானார்.

பக்கம் தீர்ந்துவிட்டது. நான்கு பெண்களும் அடுத்த வாரம் வருவார்கள். அவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் தொழில் செய்த பாரிஸ்டரின் மனைவி, பிள்ளைகளுக்குத் தாய். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியைப் பிறகு தொடங்கியவர் அவர்தான். அதற்குள் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் யாராவது கொள்ளுப்பாட்டி இந்தக் கல்லூரியில் படித்திருந்து, குரூப் போட்டோ ஏதும் இருந்தால், பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பிரதி எடுத்து அனுப்புங்கள்.

(தொடரும்)