சாம்பார்க் கத்தரிக்காயும் எண்ணெய்க் கத்தரிக்காயும்: இரண்டு மொழிகள் எப்படி இயங்குகின்றன?

காய் ஒன்றுதான், பக்குவம் வேறு. சாம்பாருக்கு என்றால் கத்தரிக்காயை வெறுமனே அரிந்து போடுகிறோம். உப்பு, புளி, காரம் எல்லாம் வெளியே குழம்பில் இருக்கின்றன. எண்ணெய்க் கத்தரிக்காய் என்றால் காயைக் கீறி, மசாலாவை உள்ளேயே திணிக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் ஆஃப்ரிக்கான்ஸ் மொழி முதல் பக்குவம். பிலிப்பைன்ஸின் செபுவானோ இரண்டாவது. கத்தரிக்காய் என்று இங்கே சொல்வது வினைச்சொல்லை.

இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆஃப்ரிக்கான்ஸ் டச்சிலிருந்து பிரிந்தது. சுமார் 70 லட்சம் பேருக்குத் தாய்மொழி. செபுவானோ மலாய், மலகாசி மொழிகளைப் போல ஆஸ்திரோனேசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. செபு, போஹோல் தீவுகளிலும் மிண்டனாவோவிலும் சுமார் 2 கோடிப் பேர் பேசுகிறார்கள். பேசுபவர்களில் பலர் அதை பிசாயா என்றே சொல்வார்கள்.

‘அம்மா மீன் வாங்கினாள்’ என்ற வாக்கியத்தை இரண்டு அடுப்படியிலும் செய்து பார்ப்போம்.

முதல் பக்குவம்: ஆஃப்ரிக்கான்ஸ்

‘மா கூப் ஃபிஸ்’ என்றால் அம்மா மீன் வாங்குகிறாள். மா அம்மா, கூப் வாங்குவது, ஃபிஸ் மீன். நான், நீ, அவள், அவர்கள் என்று யார் வாங்கினாலும் ‘கூப்’ மாறாது. டச்சு மொழியில் ஆளுக்கேற்ற விகுதி உண்டு. இங்கே அது எப்படிக் காணாமல் போனது?

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி நன்னம்பிக்கை முனையில் கால் வைத்தது. அங்கேயே வாழ்ந்த கோய்கோய் மக்கள், இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், வங்காளம், சோழமண்டலக் கரை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள், பின்னால் வந்த ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் எனப் பலரும் டச்சை இரண்டாம் மொழியாகப் பேசினார்கள். அந்தக் கலப்பில் விகுதிகள் உதிர்ந்தன என்பதே பரவலான விளக்கம். 1925இல் ஆஃப்ரிக்கான்ஸுக்கு அரசு மொழி என்ற தகுதி கிடைத்தது.

காயில் ஒன்றும் திணிக்கவில்லை என்றால் ருசி எங்கிருந்து வரும்? குழம்பிலிருந்து, அதாவது சொல் வரிசையிலிருந்தும் துணைச் சொற்களிலிருந்தும். சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாவது இடத்தில் நிற்கவேண்டும். ‘இன்று’ என்பதற்கான ஃபன்டாக்கை முன்னால் போட்டால் அம்மா பின்னுக்குப் போய்விடுவாள்: ‘ஃபன்டாக் கூப் மா ஃபிஸ்’. இறந்தகாலத்துக்கு ‘ஹெட்’ என்ற துணைவினை அந்த இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்ள, வினை ஒரேயொரு முன்னொட்டுடன் கடைசிக்குப் போகும்: ‘மா ஹெட் ஃபிஸ் ஹெகூப்’. எதிர்காலம் என்றால் ‘மா சால் ஃபிஸ் கூப்’. ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்திலும் வினை நம் தமிழைப் போலக் கடைசியில் வரும்.

மறுப்புக்கு ‘நி’ என்ற சொல் பெரும்பாலும் ஒருமுறை போதாது. ‘மா கூப் நி ஃபிஸ் நி’ என்றால்தான் அம்மா மீன் வாங்குவதில்லை. இரண்டாவது ‘நி’ வாக்கியத்தின் கடைசியில் வந்து நின்றுகொள்ளும். புதிதாகப் படிப்பவர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் அதைத்தான்.

இரண்டாம் பக்குவம்: செபுவானோ

இங்கே வினைதான் முதலில் வரும், மசாலாவோடு. ‘பாலித்’ என்பது வாங்குவதற்கான வேர்ச்சொல்.

‘மிபாலித் ஆங் நானாய் ஓக் இஸ்தா’: அம்மா மீன் வாங்கினாள். நானாய் அம்மா, இஸ்தா மீன். இதில் பேச்சு அம்மாவைப் பற்றியது. மீன் ஏதோ ஒரு மீன்.

‘கிபாலித் சா நானாய் ஆங் இஸ்தா’: அந்த மீனை அம்மா வாங்கினாள். இப்போது பேச்சு மீனைப் பற்றியது.

‘கிபாலிதான் சா நானாய் ஓக் இஸ்தா ஆங் பாத்தா’: குழந்தைக்கு அம்மா மீன் வாங்கிக்கொடுத்தாள். இதில் பேச்சு குழந்தையைப் பற்றியது.

மூன்றிலும் ‘ஆங்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வாக்கியம் யாரை அல்லது எதை மையமாக வைத்திருக்கிறதோ அந்தப் பெயருக்கு முன்னால் அது வரும். மற்றப் பெயர்களுக்கு முன்னால் ‘சா’ அல்லது ‘ஓக்’ வரும். அந்தப் பெயர் செய்தவரா, செய்யப்பட்ட பொருளா, பலன் பெற்றவரா என்பதை வினையில் திணித்த ஒட்டு சொல்லும். இரண்டும் பொருந்தாவிட்டால் வாக்கியம் கெட்டுவிடும்.

அதே ஒட்டு இன்னொரு வேலையும் செய்கிறது. ‘மிபாலித்’ என்றால் காரியம் நடந்துவிட்டது. ‘மோபாலித்’ என்றால் இன்னும் நடக்கவில்லை. பொருளை மையமாக வைத்தால் ‘கிபாலித்’ நடந்தது, ‘பாலிதோன்’ இனிமேல்தான். முக்காலத்தை விட, தொடங்கியாயிற்றா இல்லையா என்பதே இங்கே முக்கியம். அதனால்தான் ‘வாங்கவில்லை’ என்பதற்கு ‘வலா’ என்ற மறுப்புச் சொல்லோடு ‘மோபாலித்’ வருகிறது. நேற்றைய விஷயமாகவே இருக்கட்டும், நடக்காதது நடக்காததுதானே! ‘வாங்கமாட்டாள்’ என்றால் ‘வலா’வுக்குப் பதில் ‘திலி’.

எது சுலபம்?

ஆஃப்ரிக்கான்ஸில் வினைத் திரிபு இல்லை என்பதற்காக அதை எளிய மொழி என்றும், செபுவானோவில் ஒட்டுகள் குவிந்திருப்பதால் அதைக் கடினம் என்றும் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். திரிபு குறைந்த இடத்தில் வரிசை கறாராகிறது. ஒட்டு நிறைந்த இடத்தில் வினையும் ‘ஆங்’கும் சேர்ந்து பொறுப்பை ஏற்கின்றன. யார், எதை, எப்போது என்று கேட்பவருக்குப் புரியவைக்கும் வேலை இரண்டு இடத்திலும் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

படிக்க நினைப்பவர்களுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. ஆஃப்ரிக்கான்ஸ் என்றால் வினை எந்த இடத்தில் நிற்கிறது என்பதை முதலில் பழகுங்கள். சொற்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். செபுவானோ என்றால் மி, மோ, கி, ஓன், ஆன் என்ற ஒட்டுகளையும் ஆங், சா, ஓக் என்ற சொற்களையும் ஒரே வினையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவந்தால் அடுத்த வினைக்கும் அதுவே உதவும்.