அச்சேறாத சேர்ந்திசையும் இணையமும்

பலர் கூடிப் பல குரற்பகுதிகளை ஒருங்கே பாடுவது சேர்ந்திசை எனப்படும். மேனாட்டு முறையில் சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என நான்கு பகுதிகள் பெரும்பாலும் அமையும். 40 பேர் பாடுவதாயின் 40 பிரதிகள் வேண்டும். ஆகவே பிரதியின் விலையே சேர்ந்திசையின் பரவலை வரையறுத்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் லண்டன் நோவெல்லோ நிறுவனத்தார் மலிவுப் பதிப்புகளை வெளியிட்டமை பாடகர் குழுக்கள் பெருகத் துணைபுரிந்தது. ஆயினும் பதிப்பகத்தார் ஏற்ற இசைக்கே அவ்வாய்ப்புக் கிட்டிற்று. ஏனைய புதுப் படைப்புகள் ஓரிரு முறை பாடப்பெற்றபின் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து மறைவதுண்டு.

இந்நிலையை இணையம் மாற்றியுள்ளது. 1998 டிசம்பரில் ரஃபேல் ஓர்னெஸ் என்பார் தொடங்கிய 'கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி' என்னும் இணைய நூலகத்தில் பழைய இசையோடு, இக்கால இசையாளர் தாமே அளித்த படைப்புகளும் இடம் பெறுகின்றன. 2005 முதல் பயனாளரே பக்கங்களைச் சேர்க்கவும் திருத்தவும் இயலும் 'விக்கி' முறையில் அது இயங்குகிறது.

கோப்பு வகைகள்

இசையைப் பகிர மூவகைக் கோப்புகள் பயன்படுகின்றன.

1. பி.டி.எஃப்.: அச்சுப் பக்கத்தின் உருவை மாறாது காட்டுவது, பாடுவோர் கையில் இருக்க வேண்டியது இதுவே.

2. மிடி: 1983இல் வகுக்கப்பட்டது. இதில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எப்பொழுது, எவ்வளவு நேரம் என்னும் கட்டளைகளே உள்ளன. குறுந்தட்டின் தரத்தில் பதிவு செய்த ஒலிக்கு நிமிடத்திற்கு ஏறக்குறைய 1 கோடி பைட்டுகள் தேவை. நான்கு நிமிடப் பாடலின் மிடிக் கோப்போ சில ஆயிரம் பைட்டுகளில் அடங்கும். தன் குரற்பகுதியை மட்டும் தனியே கேட்டுப் பயிலவும் இது உதவும்.

3. மியூசிக்-எக்ஸ்.எம்.எல்.: 2004இல் இதன் முதற் பதிப்பு வெளிவந்தது. ஒரு மென்பொருளில் எழுதிய இசைக்குறிப்பை மற்றொன்றில் திறந்து, சுருதியை இறக்கவோ ஏற்றவோ இது இடந்தரும்.

உரிமை

விலையின்றிக் கிடைப்பதெல்லாம் உரிமையற்றது என எண்ணுதல் தவறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, பதிவு செய்யாவிடினும் படைப்பிற்கு உரிமை உண்டு. படைப்பாளர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு முதல் 60 ஆண்டுகள் அது நீடிக்கும். இசைக்கும் சொற்களுக்கும் உரிமை தனித்தனியாகும். அமெரிக்க இசையாளர் எரிக் விட்டேக்கர், ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதை ஒன்றிற்கு இசையமைத்தபோது உரிமையாளர் இசைவு தரவில்லை. சார்ல்ஸ் அந்தோணி சில்வெஸ்ட்ரி அதே இசைக்குப் புதுச் சொற்கள் எழுதிய பின்னரே அப்படைப்பு 'ஸ்லீப்' என்னும் பெயரில் பரவிற்று. ஃப்ராஸ்டின் அக்கவிதை அமெரிக்காவில் பொதுவுடைமையானது 2019இல்தான்.

மேலும், இணையத்தில் பொதுமக்களுக்கு அளிப்பதும் நம் சட்டத்தில் வெளியீடாகக் கருதப்படலாம். 'வெளியிடப்படாத படைப்பு' கோரும் போட்டிக்கு அனுப்ப விழைவோர், இணையத்தில் ஏற்றுமுன் அதன் விதிகளைப் படித்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் கோப்பைப் பிரதியெடுக்குமுன் அதனுடன் உள்ள உரிமக் குறிப்பை நோக்குக. குறிப்பு இல்லையெனில் இசையாளருக்கு எழுதி இசைவு பெறுவதே முறை. பாடிய பின் அச்செய்தியையும், பாடுங்கால் கண்ட இடர்ப்பாடுகளையும் அவருக்குத் தெரிவித்தால், படைப்பு திருத்தமுற்று அடுத்த குழுவினருக்கும் பயன்படும்.