முதுமையின் மரபணு – 11: பனாரஸ் எலிகளும் பிரம்மதேசத்து ஆயாவும்

லியோனார்ட் ஹேஃப்லிக்கின் கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த மனித செல்கள், ஏறத்தாழ 50 முறை பிரிந்த பிறகு நின்றுபோனதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த ஆய்வு வெளியானது 1961-ல். குடுவைக்குள் தெரிந்த முதுமையை முழு உடம்புக்குள் தேடியவர்களில் முக்கியமான ஓர் இந்தியர் இருக்கிறார். நம் பாடப்புத்தகங்கள் அவரை இன்னும் சரியாக அறிமுகப்படுத்தவில்லை என்பது என் வருத்தம். அவர் பெயர் மதுசூதன் கனுங்கோ.

1927-ல் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். இன்று ஒடிசாவில் இருக்கும் அந்த ஊர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லாட் பிராசரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். எடுத்துக்கொண்டது தங்கமீன். குளிர்ந்த நீரிலும் வெதுவெதுப்பான நீரிலும் பழக்கினால் அதே மீனின் உடல் வேதியியல் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். சூழலுக்கேற்ப உடல் தன்னை மாற்றிக்கொள்ளும் என்றால், காலத்துக்கேற்பவும் மாற்றிக்கொள்ளுமா? அவருடைய பிற்கால ஆய்வு முழுவதும் இந்த ஒரு கேள்வியிலிருந்து முளைத்ததாகவே எனக்குப் படுகிறது.

இந்தியா திரும்பி பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். தங்கமீனை விட்டு எலிக்கு வந்தார். எலி இரண்டு, மூன்று ஆண்டுகளில் முழு வாழ்க்கையையும் வாழ்ந்து முடித்துவிடும். பிறப்பு, பருவம், கிழட்டுத்தனம் எல்லாவற்றையும் ஓர் ஆய்வு மாணவர் தன் படிப்புக் காலத்துக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

1968-ல் எஸ்.என்.சிங் என்ற மாணவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்று ஒரு நொதி. நம் எல்லோர் உடம்பிலும் உண்டு. எம், எச் என்ற இரண்டு வகைத் துண்டுகள் நான்கு நான்காகச் சேர்ந்து அது உருவாகிறது. இரண்டு துண்டுகளுக்கும் தனித்தனி மரபணு. பல வயது எலிகளின் மூளை, இதயம், தசை, ஈரல் ஆகியவற்றில் இதை அளந்தார்கள். வயது ஏற ஏற நொதி குறைந்தது, அதில் வியப்பில்லை. ஆனால் எம் வகை வேகமாகக் குறைய, எச் வகை அவ்வளவு குறையவில்லை.

முதுமை என்பது வெறும் தேய்மானம் என்றால் இரண்டும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று வேகமாக இறங்க மற்றது அவ்வளவு இறங்கவில்லை என்றால், மரபணுக்களை இயக்குவதிலேயே ஏதோ மாறுகிறது. இதை வைத்து 1975-ல் கனுங்கோ ஒரு கோட்பாடு சொன்னார். வளர்ச்சிக்கு ஒரு தொகுதி மரபணுக்கள், இனப்பெருக்கத்துக்கு ஒரு தொகுதி என்று வரிசையாக வேலை நடக்கிறது. இனப்பெருக்கப் பருவத்தின் விளைவாகச் சில காரணிகள் குறைந்துபோகின்றன. அதனால் உடலை நிலையாக வைத்திருந்த மரபணுக்களின் ஒழுங்கு குலைகிறது, அதுவே முதுமை. முதுமைக்கென்று தனியாக ஒரு மரபணு இருந்து அது நம்மைக் கொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கும் மரபணுக்களின் கட்டுப்பாடுதான் தளர்கிறது என்பது இதன் சாரம்.

கோட்பாட்டோடு அவர் நிற்கவில்லை. டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டும் அசிட்டைல் குறிகள் வயதோடு குறைவதை எழுபதுகளிலேயே எலி மூளையில் காட்டினார். மரபணுவைத் திறந்து வைக்க உதவும் குறிகள் அவை. எபிஜெனெடிக்ஸ் என்ற சொல் செய்தித்தாள்களில் புழங்குவதற்குப் பல காலம் முன்பே காசியில் நடந்த வேலை இது. 2013-ல் ஸ்டீவ் ஹார்வத், டிஎன்ஏ-வின் 353 இடங்களில் உள்ள மெத்தில் குறிகளை வைத்து ஒருவரின் வயதைக் கணிக்கும் 'கடிகாரம்' ஒன்றை உருவாக்கினார். அது வேறு வகைக் குறி. ஆனால் டிஎன்ஏ-வின் எழுத்து மாறாமலே அதன் இயக்கம் வயதோடு மாறும் என்ற அடிப்படை ஒன்றுதான். கனுங்கோ 1980-லும் 1994-லும் இத்துறையில் நூல்கள் எழுதினார். 2005-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2011-ல் மறைந்தார்.

எலியில் தெரிந்ததை மனிதரில் சோதிக்க வேண்டும் என்று வரும்போது ஒரு தடை குறுக்கே நிற்கிறது. பனாரஸ் ஆய்வுக்கூடத்தின் ஒவ்வொரு எலிக்கும் பிறந்த தேதி உண்டு. நம் முதியவர்களுக்கு?

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம், "ஆயா, உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டேன்.

"அது யாருக்குப்பா தெரியும்? வெள்ளக்காரன் போனப்ப எனக்கு நல்லா விவரம் தெரியும். தம்பிய இடுப்புல தூக்கிக்கினு திரிவேன்."

பேரன் ஆதார் அட்டையை எடுத்து வந்து காட்டினான். 01-01-1945 என்றிருந்தது. அட்டைக் கணக்குப்படி நாடு விடுதலை பெற்றபோது ஆயாவுக்கு இரண்டரை வயது. தம்பியை இடுப்பில் தூக்க முடியாது. குறைந்தது ஐந்தாறு ஆண்டுகள் விடுபட்டிருக்கின்றன. தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று என்று பதிவதால், நம் ஊர்களில் ஒரே நாளில் பிறந்த முதியவர்கள் ஏராளம்.

பக்கத்துத் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான டி.எம்.வி. 7 நிலக்கடலையை இந்தப் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். ஒரு கடலை ரகத்துக்கு அதன் மூதாதை எது, எந்த ஆண்டு வெளியானது என்று ஏட்டில் இருக்கிறது. அதை விளைவித்த ஆயாவுக்கு அந்த ஏடு இல்லை.

பிறந்த தேதி தெரியாதது ஆய்வை எப்படிப் பாதிக்கும்? டென்மார்க்கில் 1870 முதல் 1900 வரை பிறந்த 2,872 இரட்டையர் ஜோடிகளின் ஆயுளை ஒப்பிட்டு, ஆயுள் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு சுமார் கால் பாகம் என்று 1996-ல் கணக்கிட்டார்கள். பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதிவானதால்தான் அந்தக் கணக்கு சாத்தியமானது. அது டேனிஷ் மக்களின் கணக்கு. நமக்கும் அதே அளவுதான் என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

நம் மரபணுக்களை நாமே பார்க்க வேண்டும் என்பதற்கு மதுரை ஒரு சாட்சி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணியும், ஹைதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி-யின் குமாரசாமி தங்கராஜும், பலரும் சேர்ந்து 2009-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம், இந்தியத் துணைக்கண்ட மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. அது இதயத் தசை நோய்க்கான அபாயத்தைப் பல மடங்கு கூட்டுகிறது என்றார்கள். இளமையில் பெரும்பாலும் தொந்தரவில்லை. நடுவயதைத் தாண்டியதும் இதயம் தளர்கிறது. பழுதான புரதத்தை இளம் செல்கள் அப்புறப்படுத்திவிடுகின்றன, வயதானால் அந்தத் திறன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பிள்ளை பெற்று வளர்த்த பிறகே தாக்குவதால் இயற்கைத் தேர்வும் அதைக் களையவில்லை. உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1952-ல் முதுமையைப் பற்றிப் பொதுவாகச் சொன்னது இதைத்தான். இந்த வடிவம் உள்ள எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் படித்ததும் யாரும் பயந்துவிட வேண்டாம்.

ஐரோப்பியரை மட்டும் பார்த்திருந்தால் இந்த மரபணு வடிவம் கண்ணிலேயே பட்டிருக்காது. இன்று இந்தியாவில் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்திருக்கிறது. கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயதைக் கடந்தவர்களைப் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம் தொடர்ந்து கண்காணிக்கிறது. இப்படி ஒன்று விழுப்புரம் பக்கமும் வர வேண்டும்.

அது வரும்வரை உங்களால் முடிந்த ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் எண்பதைக் கடந்தவர் இருந்தால் இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் புயலுக்கு முன் பிறந்தார், எந்தத் தேர்தலின்போது கல்யாணமானது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எந்த வயதில் எந்த நோயில் போனார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். முடிந்தால் பள்ளிப் பதிவேட்டோடும் கோயில் திருமணப் பதிவோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

(தொடரும்)